முழங்கால் வலிக்கு நரம்பைச் சுடும் சிகிச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு மருத்துவமனையின் வலி சிகிச்சைப் பிரிவில் செவிலியர். என் வேலையில் பாதி, சிகிச்சை அறைக்கு வெளியே கிடக்கும் நீள பெஞ்சில்தான் நடக்கிறது. உள்ளே டாக்டர் பத்து நிமிடம் விளக்குவார், எல்லோரும் தலையாட்டுவார்கள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், அவர் என்னதான் சொன்னார்?" என்பார்கள். அப்படிக் கேட்டவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியை ஒட்டியே இங்கே எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் முழங்கால் தேய்மானத்தைப் பற்றியவை. முதுகும் தோளும் இடையில் வரும். உங்களுக்கு இது பொருந்துமா என்பதை உங்களை நேரில் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல முடியும்.

"நரம்பைச் சுட்டுவிடலாம் என்கிறார்கள். காலுக்கு ஓடும் நரம்பைச் சுட்டால் நான் எப்படி நடப்பேன்?"

இந்தப் பயத்துக்குப் பாதிக் காரணம் நம் பேச்சு வழக்கு. புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதை நரம்பு என்கிறோம், அது ரத்தக்குழாய். கெண்டைக்காலில் சுருண்டு கிடப்பதை நரம்பு சுருட்டல் என்கிறோம், அதுவும் ரத்தக்குழாய். குதிகாலுக்கு மேலே விறைப்பாக நிற்பதையும் நரம்பு என்போம், அது தசைநாண். இங்கே சுடுவது இவற்றில் எதையும் அல்ல.

முழங்கால் மூட்டைச் சுற்றியுள்ள உறையிலிருந்து வலியை மூளைக்குச் சொல்லும் மெல்லிய கிளை நரம்புகள் பல உண்டு. வழக்கமாக அவற்றில் மூன்றைக் குறிவைக்கிறார்கள். தொடையெலும்பு முழங்காலுக்கு மேலே அகலும் இடத்தில் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. மூட்டுக்குக் கீழே கால் எலும்பின் உள்பக்கம் ஒன்று. கீழே வெளிப்பக்கத்திலும் ஒரு கிளை இருக்கிறது. அதை வழக்கமாகத் தொடுவதில்லை. பாதத்தை மேலே தூக்க உதவும் பெரிய நரம்பு அதற்கு மிக அருகில் ஓடுகிறது. அதில் சூடு பட்டால் பாதம் தொங்கிவிடும். நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்களோ அதற்கே டாக்டர்களும் பயந்துதான் அந்த மூலையை விட்டுவைத்திருக்கிறார்கள்.

"இதைச் செய்தால் தேய்ந்துபோன ஜவ்வு வளர்ந்துவிடுமா?"

வளராது. தேய்மானம் அப்படியே இருக்கும். அடுத்த ஆண்டு எக்ஸ்ரே எடுத்தால் இதே படம்தான், அல்லது இதைவிடச் சற்று மோசமான படம். மாறுவது வலி மட்டுமே. வலி குறைந்தால் நடை கூடும், தூக்கம் வரும், வலி மாத்திரை குறையும். வலி மாத்திரைகளால் சிறுநீரகமும் வயிறும் படும் பாட்டைப் பார்க்கிறவள் என்ற முறையில், அது குறைவதையே பெரிய லாபமாக நான் நினைக்கிறேன்.

"பிசியோதெரபியில் கரண்ட் வைத்தார்களே, அதேதானே இது? என் மச்சினர் லேசர் என்கிறார்."

இரண்டும் இல்லை. பிசியோதெரபியில் தோலின்மேல் பட்டை ஒட்டி வைக்கும் மின்சாரம் நரம்பைக் கூச வைக்கும், எதையும் அழிக்காது. லேசர் என்பது ஒளி. இங்கே வேலை செய்வது ரேடியோ அலை அளவுக்கு வேகமாகத் திசை மாறும் மின்சாரம், நொடிக்கு சுமார் 5 லட்சம் முறை. மின்சாரம் கசியாதபடி தண்டு முழுவதும் உறைபோட்ட, நுனி மட்டும் திறந்த ஊசியின் வழியாக அது போகிறது. நுனியைச் சுற்றியுள்ள திசுவில் உப்புத் துகள்கள் முன்னும் பின்னும் ஆடி உரசிக்கொள்ள, அந்த உரசலில் சூடு பிறக்கிறது. சுமார் 80 டிகிரி செல்சியஸில் ஒன்று முதல் ஒன்றரை நிமிடம் வைப்பார்கள். நுனியைச் சுற்றி ஒரு சிறு மணி அளவுக்குத் திசு வெந்துவிடும்; அதற்குள் அகப்பட்ட நரம்பு செய்தி அனுப்புவதை நிறுத்திவிடும். தொடையில் ஒட்டும் பெரிய பட்டை, உள்ளே போன மின்சாரம் திரும்பி வரும் வழி.

ஊசியின் நுனிக்குள் தண்ணீர் ஓடவிட்டுக் குளிர்வித்துக்கொண்டே சுடும் வகையும் உண்டு. நுனி கரிந்து ஒட்டாமல் இருப்பதால் சூடு இன்னும் தள்ளிப் பரவும். நரம்பு சற்று இடம் மாறி ஓடினாலும் அகப்படும். முழங்கால் தேய்மான வலிக்கு அமெரிக்காவில் இந்த வகைக்கு 2017இல் அனுமதி கிடைத்தது.

ஊரில் மூட்டுவலிக்குச் சூடு போடுவார்களே, அதுதானா என்று ஒரு பெரியவர் தன் முழங்காலில் இருந்த வட்டத் தழும்பைக் காட்டிக் கேட்டார். அது தோலைச் சுட்டது. நரம்பு இருக்கும் ஆழத்துக்குப் போகவே இல்லை. ஐயா பட்ட வேதனைதான் மிச்சம்.

"முதலில் ஒரு ஊசி போட்டுப் பார்க்க வேண்டும், அதற்குத் தனியாகப் பணம் என்கிறார்கள். எதற்கு இந்த வீண் செலவு?"

என்னைக் கேட்டால், செலவழிப்பதில் உருப்படியான செலவு இதுதான். சுடப்போகும் அதே மூன்று இடங்களில் மரத்துப்போகும் மருந்தைச் சிறிதளவு போடுவார்கள். சில மணி நேரம் அந்த நரம்புகள் பேசாது. அந்த நேரத்தில் உங்கள் வலி பாதிக்கு மேல் குறைந்தால், வலி இந்த வழியாகத்தான் போகிறது என்று பொருள். சுட்டால் பலன் கிடைக்க வாய்ப்பு உண்டு. குறையவே இல்லையென்றால் வலி வேறெங்கிருந்தோ வருகிறது: இடுப்பு மூட்டிலிருந்தோ, முதுகில் அழுந்திய நரம்பிலிருந்தோ. அப்போது முழங்காலைச் சுடுவது வீண்.

சிக்கல் எங்கே வருகிறது தெரியுமா? "வலி எப்படி இருக்கிறது அம்மா?" என்று டாக்டர் கேட்பார். "பரவாயில்லை" என்பார்கள். நம் ஊர்ப் பரவாயில்லைக்கு மூன்று அர்த்தமாவது உண்டு: குறைந்திருக்கிறது; குறையவில்லை, ஆனால் பொறுத்துக்கொள்கிறேன்; இவ்வளவு நல்ல டாக்டரை ஏன் சங்கடப்படுத்த வேண்டும். மூன்றாவது அர்த்தத்தில் சொன்ன பரவாயில்லையை நம்பி நரம்பைச் சுட்டு, பலனில்லாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஊசி போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். எது செய்தால் வழக்கமாக வலிக்குமோ அதைச் செய்து பாருங்கள். மாடிப்படி ஏறி இறங்குங்கள், தரையிலிருந்து எழுந்திருங்கள். அரை மணிக்கு ஒருமுறை பத்துக்கு எத்தனை என்று எழுதுங்கள். ஓர் அம்மா தினசரி நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்புறம் எழுதிக்கொண்டு வந்தார்: "10.30 படி 3. 11 மணி படி 2. 12 கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன் 2. 3 மணி பழையபடி 7." டாக்டர் அந்தத் தாளைக் கேஸ் ஷீட்டோடு பின் போட்டு வைத்துக்கொண்டார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. முழங்காலைப் பொறுத்தவரை, இப்படி ஒரே ஒருமுறை ஊசி போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதால் முடிவு பெரிதாக மேம்படவில்லை என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. அதைக் காரணம் காட்டி நேராகச் சுடுகிறவர்களும் உண்டு. முதுகுக்கு இரண்டு முறை சோதித்துப் பார்ப்பவர்களும் உண்டு. நான் சோதனை ஊசியின் கட்சி.

"முழு மயக்கம் கொடுத்துவிடுங்கள், எனக்கு ஒன்றும் தெரிய வேண்டாம்."

அப்படித் தூங்கவைக்க மாட்டார்கள். தூங்கினால் நீங்கள் பதில் சொல்ல முடியாது. தோலை மரக்கவைத்து, எக்ஸ்ரே திரையையோ அல்ட்ராசவுண்டையோ பார்த்துக்கொண்டு ஊசியை எலும்பு வரை இறக்குவார்கள். பிறகு இரண்டு சோதனைகள். முதலில் நொடிக்கு 50 துடிப்பு: அரை வோல்ட் அளவிலேயே உங்கள் வழக்கமான வலி இருக்கும் இடத்தில் குறுகுறுப்போ கனமோ தெரிந்தால் ஊசி நரம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடுத்து நொடிக்கு 2 துடிப்பு: இதற்கு எதுவும் அசையக் கூடாது. கெண்டைக்கால் துள்ளினாலோ பாதம் ஆடினாலோ ஊசியை இடம் மாற்றுவார்கள். அப்போது நான் போர்வையை விலக்கிவிட்டுப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிறகு ஊசி வழியாகவே மரக்கும் மருந்தைச் செலுத்திவிட்டுத்தான் சூடேற்றுவார்கள். திரையில் எண் ஏறும்: 50, 65, 80. பெரும்பாலோர் ஓர் அழுத்தம் தெரிகிறது என்கிறார்கள். சுருக்கென்று வலித்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள், இன்னும் மருந்து தருவார்கள். மிகவும் பயந்தவர்களுக்கு லேசாகக் கிறங்க மருந்து கொடுப்பதுண்டு. ஒரு முழங்காலுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். வண்டி ஓட்ட வேறு ஆளைக் கூட்டி வாருங்கள்.

"மூன்று நாள் ஆகிவிட்டது, வலி கூடத்தான் செய்திருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?"

இந்தத் தொலைபேசி அழைப்பு வாரம் ஒன்றாவது வரும். வெந்த இடம் ஆறுவதற்குள் வலி கூடலாம். ஊசி போன இடம் கன்றிப்போகலாம். தோலில் எரிச்சலோ கூச்சமோ தோன்றலாம். ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். சோதனை ஊசிக்குப் பத்து நிமிடத்தில் வலி மறைந்ததே, இதற்கு ஏன் இல்லை என்று கேட்பார்கள். அது மருந்து, இது புண். உண்மையான பலனை இரண்டிலிருந்து நான்கு வாரம் கழித்துத்தான் எடைபோட வேண்டும்.

ஆனால் காய்ச்சல், மூட்டு சிவந்து வீங்குவது, பாதத்தைத் தூக்க முடியாமல் போவது, இந்த மூன்றுக்கும் நான்கு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றே வாருங்கள்.

"எத்தனை நாள் தாங்கும்?"

பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு. சிலருக்கு அதைவிடக் கூடுதல். சிலருக்கு மூன்று மாதத்திலேயே தேய்ந்துவிடும். நரம்பின் உயிரணு நாம் சுட்ட இடத்தில் இல்லை, முதுகுத்தண்டின் அருகில் இருக்கிறது. வெட்டிய முருங்கை துளிர்ப்பதுபோல அங்கிருந்து நரம்பிழை மறுபடி வளரும், நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில். வந்து சேர்ந்ததும் வலியும் வரும். மறுபடி செய்துகொள்ளலாம்.

"எல்லோருக்கும் பலிக்கிறதா? உண்மையைச் சொல்லுங்கள்."

இல்லை. முழங்காலுக்கு இதை முறையாகச் சோதித்த முதல் ஆய்வு தென்கொரியாவில் நடந்து 2011இல் வெளியானது, 38 முதியவர்கள். உண்மையாகச் சுடப்பட்ட 17 பேரில் 10 பேருக்கு மூன்றாம் மாதத்தில் வலி பாதியோ அதற்கு மேலோ குறைந்திருந்தது. சுடுவதுபோல நடித்துவிட்டு அனுப்பப்பட்டவர்களில் ஒருவருக்குக்கூட அவ்வளவு குறையவில்லை. அடுத்து, 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 151 பேரை வைத்து, குளிர்வித்துச் சுடும் முறையையும் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசியையும் ஒப்பிட்டார்கள். ஆறாம் மாதத்தில் சுட்டுக்கொண்டவர்களில் 74 சதவீதம் பேருக்கு வலி பாதியாவது குறைந்திருந்தது. ஸ்டீராய்டு பெற்றவர்களில் 16 சதவீதம் பேருக்கு. நல்ல எண்தான். ஆனால் அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது கருவியை விற்கும் நிறுவனம். அப்படியும் நான்கில் ஒருவருக்குப் பலிக்கவில்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல், முழங்கால் தேய்மானத்துக்கு இதை நிபந்தனையோடு பரிந்துரைக்கிறது. உடற்பயிற்சியையும் எடைக் குறைப்பையும் அதே வழிகாட்டுதல் அழுத்தமாகப் பரிந்துரைக்கிறது. அதைப் பற்றி பெஞ்சில் யாரும் என்னிடம் கேட்பதில்லை.

"நரம்பைச் சுட்டால் நரம்புத் தளர்ச்சி வந்துவிடாதா?"

கை நடுக்கம், சோர்வு, ஆண்மைக் குறைவு என்று எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லுக்குள் போட்டு வைத்திருக்கிறோம். அவற்றுக்கும் முழங்கால் உறையின் கிளை நரம்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இதைக் காதோடு காதாகக் கேட்கும் ஆண்களுக்கும் பதில் இதுவே.

"வலிதானே எச்சரிக்கை? அது தெரியாமல் போனால் மூட்டை நானே கெடுத்துக்கொள்ள மாட்டேனா?"

நல்ல கேள்வி. உணர்வே அற்றுப்போன மூட்டு அடிபட்டு அடிபட்டு உருக்குலைவது உண்டு. நீண்ட காலச் சர்க்கரை நோயில் பாதத்தில் அதைப் பார்க்கிறோம். ஆனால் முதல் கேள்வியில் சொன்னபடி இங்கே சுடுவது பல கிளைகளில் மூன்றை. மூட்டு மரத்துப்போவதில்லை, கால் எங்கே மடங்கியிருக்கிறது என்பதும் தெரியும், அடிபட்டால் வலிக்கவும் செய்யும். இச்சிகிச்சையால் முழங்கால் அப்படி உருக்குலைகிறது என்று ஆய்வுகளில் தெரியவரவில்லை.

எனக்கு வேறொரு கவலை. வலி போன மூன்றாம் வாரம் ஓர் அம்மா பழைய வேண்டுதலை நிறைவேற்ற மலைக்கோயிலுக்குப் படியேறிப் போனார். இரண்டு ஆண்டு நடக்காமல் சூம்பிய தொடை. ஏறியது ஒரு மாதிரி ஏறிவிட்டார், இறங்கும்போது கால் மடிந்து விழுந்தார். எலும்பு முறியவில்லை, முருகன் புண்ணியம். வலியில்லாத இந்த மாதங்கள் தொடைத் தசையைத் தேற்றிக்கொள்ளக் கிடைத்த அவகாசம். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பத்து எண்ணும் வரை நிறுத்துவது, சாய்ந்துகொள்ளாமல் எழுந்து உட்காருவது, இவற்றில் தொடங்கி பிசியோதெரபிஸ்ட் சொல்லும் அளவுக்கு ஏற்றுங்கள். கோயில் படிகளைப் பிறகு ஏறலாம், அவை எங்கும் போய்விடப் போவதில்லை.

"எனக்குச் சர்க்கரை இருக்கிறது, ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாத மாத்திரையும் சாப்பிடுகிறேன். செய்யலாமா?"

பெரும்பாலும் செய்யலாம், முன்கூட்டியே சொன்னால். இந்தக் கிளை நரம்புகளோடு கைகோத்தபடி சிறு ரத்தக்குழாய்களும் ஓடுகின்றன; அதனால் ரத்தக்கசிவு ஒரு கவலை. ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் முழங்கால் வலி பெரிதாகவே தெரியாது. இதய டாக்டரும் வலி டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் தள்ளிப்போடுவார்கள். பேஸ்மேக்கர் இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள். இந்த மின்சாரம் அதைக் குழப்பக்கூடும், அதற்கு முன்னேற்பாடு வேண்டும். கர்ப்பிணிகளுக்கும், தோலிலோ மூட்டிலோ கிருமித்தொற்று உள்ளவர்களுக்கும் செய்வதில்லை.

முடக்குவாதத்தால் மூட்டு கொதித்து வீங்கியிருந்தால் கேள்வியே வேறு. அந்த நோயை மருந்தால் அடக்குவதுதான் முதல் வேலை.

"வேறு என்ன கெடுதல் நடக்கலாம்? ஒளிக்காமல் சொல்லுங்கள்."

மூன்றாம் நாள் கேள்வியில் சொன்ன எரிச்சலும் கன்றலும் சகஜம். முழங்காலுக்குக் கீழே உள்பக்கம் சதை குறைவு. ஒல்லியானவர்களுக்கு அங்கே தோல் சுட்டுக்கொள்வது உண்டு. தொடைப் பட்டை சரியாக ஒட்டாமல் இருந்தாலும் அந்த இடம் வெந்துபோகும். உள்ளங்கை அளவு தோல் சில மாதம் மந்தமாக இருக்கலாம். மூட்டுக்குள் கிருமி புகுவது மிக அரிது, ஆனால் கடுமையானது.

"எனக்கு இடுப்பு வலி. தோள் வலியும் இருக்கிறது. அங்கெல்லாம் சுடுவார்களா?"

இடுப்பு வலி என்று யார் சொன்னாலும் நான் விரலால் தொட்டுக் காட்டச் சொல்வேன். பாதிப் பேர் காட்டுவது கீழ் முதுகை. அங்கே முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள சிறு இணைப்பு மூட்டுகளில் வலியென்றால் சுடலாம். இந்த வித்தை 1970களிலிருந்தே முதுகில்தான் பழகப்பட்டது, முழங்காலுக்குப் பிறகுதான் வந்தது. முதுகில் ஒவ்வொரு மூட்டுக்கும் இரண்டு நரம்புகள் வருவதால் ஒரு மூட்டுக்கு இரண்டு இடத்தில் சுட வேண்டும். டிஸ்க் பிதுங்கிக் காலுக்கு இழுக்கும் வலிக்கு இது மருந்தல்ல. நெதர்லாந்தில் 681 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், உடற்பயிற்சியோடு சுட்டுக்கொண்டவர்களுக்கும் உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. ஒரே ஒரு சோதனை ஊசியை நம்பி ஆட்களைச் சேர்த்தார்கள் என்ற விமர்சனம் அதன்மேல் இன்றும் இருக்கிறது. பிரிட்டனின் வழிகாட்டுதல் இதைச் சிலருக்கு மட்டும் ஒதுக்குகிறது: மற்ற சிகிச்சைகள் பலிக்காமல், வலி பத்துக்கு ஐந்தாவது இருந்து, சோதனை ஊசிக்குப் பலன் கண்டவர்கள்.

இன்னும் சிலர் தொடை தொடங்கும் கவட்டைக் காட்டுவார்கள். அது இடுப்பு மூட்டு. அங்கும் செய்கிறார்கள், பெரிய ரத்தக்குழாய் பக்கத்தில் இருப்பதால் கூடுதல் கவனத்தோடு. தோளுக்கு வரும் முக்கிய நரம்பு கையைத் தூக்கும் தசைகளையும் இயக்குகிறது. அதை அப்படியே வேகவைத்தால் கை பலவீனமாகும். அதனால் 42 டிகிரியைத் தாண்டாமல், இடைவெளி விட்டு விட்டு மின்சாரம் கொடுக்கும் முறையைக் கையாள்கிறார்கள். அதில் நரம்பு சாவதில்லை.

"சுடுவதற்குப் பதில் ஆல்கஹால் ஊசி போட்டால் மலிவாமே?"

மலிவுதான். அடர்த்தியான ஆல்கஹாலும், பீனால் என்ற ரசாயனமும் நரம்பைக் கொல்லும். ஆனால் சூடு வைத்த இடத்தில் நிற்கும். திரவம் தன் இஷ்டத்துக்கு ஓடும். அதனால் அவற்றைப் பெரும்பாலும் புற்றுநோயின் வயிற்று வலி போன்றவற்றுக்கு வைத்துக்கொள்கிறார்கள். உறையவைக்கும் முறையும் உண்டு: நைட்ரஸ் ஆக்சைடு வாயுவால் ஊசி நுனி மைனஸ் 80 டிகிரிக்கும் கீழே போகும். நரம்பிழை செத்தாலும் அதன் வெளி உறை நிற்பதால், உறைக்குள்ளேயே ஒழுங்காகத் திரும்ப வளரும்.

"இதைச் செய்துகொண்டால் பிறகு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்ய முடியாது என்கிறார்களே?"

தவறு. செய்யலாம். இதயம் பலவீனமானவர்கள், அறுவை சிகிச்சையைச் சில காலம் தள்ளிப்போட நினைப்பவர்கள், அறவே வேண்டாம் என்பவர்கள் ஆகியோரே இதற்கு அதிகம் வருகிறார்கள். மூட்டை மாற்றிய பிறகும் வலி நீடிக்கிறது என்று வருபவர்களும் உண்டு. அவர்களுக்கு முதலில் கிருமித்தொற்றோ பொருத்திய மூட்டு தளர்ந்ததோ இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அதைப் பார்க்காமல் வலியை மட்டும் அடக்குவது ஆபத்து. அதே நேரம், கால் வில்லாக வளைந்து மூட்டு நிலையில்லாமல் ஆடுகிறவர்களுக்கு இது அறுவை சிகிச்சையின் இடத்தை நிரப்பாது.

"காப்பீட்டில் வருமா?"

நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது. இதை ஊசியாகக் கணக்கிடுகிறார்களா, ஒரே நாளில் முடியும் சிகிச்சையாகக் கணக்கிடுகிறார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முன்அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். சோதனை ஊசிக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

"முதல் முறை பத்து மாதம் நன்றாக இருந்தது. இரண்டாவது முறை செய்தும் வலி குறையவே இல்லை. ஏன்?"

இடையில் தேய்மானம் நகர்ந்திருக்கலாம். முதலில் மூட்டின் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். இப்போது சிரட்டை எலும்புக்குப் பின்னாலும் தேய்ந்து, வலி வேறு கிளை வழியாகப் போகலாம். நரம்பு மறுபடி வளரும்போது பழைய பாதையிலேயே வராமலும் இருக்கலாம். அல்லது இப்போது வலிப்பது முழங்காலே அல்லாமல் இடுப்பு மூட்டாகவோ முதுகாகவோ இருக்கலாம். முதல் முறை பலித்த தைரியத்தில் இரண்டாவது முறை சோதனை ஊசியைத் தவிர்த்தீர்களா என்று கேட்டால், பெரும்பாலும் "ஆமாம் சிஸ்டர்" என்றுதான் பதில் வருகிறது. மறுபடி அந்த ஊசியிலிருந்தே தொடங்குங்கள். நாள்காட்டித் தாளைக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். பரவாயில்லை என்று எழுதாமல் எண்ணாக எழுதுங்கள்.